விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கனடா நாடகம்

1

கனடாவில் எடுத்த ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி, ஒக்லாந்தில் இருக்கும் நான், ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுவது கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். ஆனால் எங்கள் வீட்டில் கனடா என்பது பக்கத்து அறை மாதிரி. என் சின்னக்கா ஸ்கார்பரோவில் இருக்கிறார். நான் இங்கே காலைத் தேத்தண்ணி ஊற்றும்போது அவருக்கு அங்கே முதல் நாள் பின்னேரம். நேற்றில் இருக்கிற அக்காவோடு இன்றைக்கு நான் கதைத்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் அந்த நாடகமும் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை. அக்கா கனடாவுக்குப் போன புதிதில் அங்கே தொலைக்காட்சியில் போனதாம். அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் எடுக்கத் துணியவில்லை என்று சொல்லுவார். பதினைந்து வயதுப் பிள்ளையாகப் பதினைந்து வயதுப் பிள்ளையே நடித்தது. முகப்பரு அப்படியே தெரியும். படிக்கிற பெட்டைக்கு வயிற்றில் பிள்ளை, போதை, அப்பன் அடிக்கிற வீடு, நிறத்தைச் சொல்லிப் பழிக்கிறது, ஒரு பெடியன் இன்னொரு பெடியனை விரும்புகிறது என்று, நாங்கள் வீட்டில் வாய் திறக்காத எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹோலில் வைத்ததாம். கடைசியில் யாராவது வந்து புத்தி சொல்லி முடித்துவைக்கிற வேலையும் கிடையாது. நேரம் முடிந்தால் முடிந்ததுதான், பிரச்சினை அப்படியே நிற்கும். “அதைப் பார்த்துத்தான் நான் இங்கிலிசும் படிச்சனான், பிள்ளையளைப் பற்றிப் பயப்பிடவும் படிச்சனான்” என்று அக்கா சொல்லுவார்.

இப்போது அது பழையது, புதியது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. போன வருடம் அக்கா என் மகளிடம் அதைப் பார்க்கச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். பள்ளிக்கூடக் கதைதானே, வீட்டுப்பாடம், சோதனை, கூடினால் ஒரு காதல் என்று நினைத்தேன். பயப்பிடப் படித்ததாக அக்கா சொன்னதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

2

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நாங்கள் ஒக்லாந்தின் புறநகரான பிளாட் புஷ்ஷில் இருக்கிறோம். எல்லா வீடும் ஒரே சாம்பல் நிறம். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக் கதவுக்குள் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்று, உள்ளே இருந்த பஞ்சாபி அம்மாவிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். இவர், அதாவது என் கணவர், ஒடாஹுஹுவில் ஒரு களஞ்சியத்தில் பின்னேர ஷிப்ட். நான் விடிய வெள்ளென முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய், மூன்று மணிபோல வருவேன். நான் வரும்போது அவர் போயிருப்பார். அவர் வரும்போது நான் நித்திரை. கிழமை நாட்களில் நாங்கள் புருசன் பெண்சாதி என்பதற்கு ஒரே சாட்சி, குளிர்சாதனப் பெட்டியில் நான் வைத்துவிடும் அவருடைய சாப்பாட்டுப் பெட்டிதான்.

ஆகவே பின்னேரத்தில் வீட்டில் நானும் மகள் மிதுராவும் மட்டும். மிதுராவுக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிசில் பதில் சொல்லுவாள். சின்ன வயதில் என் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை, இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று கோயிலில் மற்ற அம்மாமார் சொல்ல, நானும் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு நான் விளக்கு வைப்பேன். அதை மட்டும் விட்டதில்லை. கோடையில் இங்கே ஆறு மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும், பொழுதுபட ஒன்பது மணியாகும். விளக்கைச் சூரியனுக்கு வைப்பதா மணிக்கூட்டுக்கு வைப்பதா என்று கோயிலில் ஒரு பெரிய வழக்கே நடக்கும். நான் மணிக்கூட்டுக் கட்சி. குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை, ஆறுக்கு முன்னமே இருட்டிவிடும். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் ஒப்பாரி கேட்கக்கூடாது, சாவுக் கதை எடுக்கக்கூடாது, ஆரும் அழுதுகொண்டு இருக்கக்கூடாது. சீதேவி வருகிற நேரத்தில் மூதேவியைக் கூப்பிடாதே என்று வளர்த்த வீட்டில் இருந்து வந்தவள் நான். செய்தியில் எங்காவது குண்டு வெடித்தாலும் அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியதில் இருந்து மிதுரா அறையை விட்டு ஹோலுக்கு வந்து இருக்கத் தொடங்கினாள். எனக்குப் புளுகம் தாங்கவில்லை. பிள்ளை திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் இல்லாத வீடு. அவள் சோபாவில் இருந்து பெரிய தொலைக்காட்சியில் அந்தக் கனடா நாடகத்தைப் போட்டுவிடுவாள். நான் குசினியில் நின்று சமைப்பேன், வழக்கம்போல என் பாட்டுக்கு எதையாவது சொல்லிப் புறுபுறுத்துக்கொண்டும் இருப்பேன். நான் வாய் திறந்தால் அவள் உடனே தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிடுவாள். அம்மா கதைக்கும்போது சத்தத்தை நிறுத்துகிற மரியாதை இந்த நாட்டில் எத்தனை பிள்ளைக்கு இருக்கிறது என்று அக்காவிடம் பெருமையாகவும் சொன்னேன்.

ஆறு மணிபோல நாடகத்தில் யாராவது அழத் தொடங்குவார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாட்டிவிடுவேன். “விளக்கு வைக்கிற நேரம், உந்தச் சாவீட்டை நிப்பாட்டு.” மிதுரா ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். அடுத்த நாள் திரும்ப வந்து போடுவாள்.

3

திரும்பத் திரும்ப ஒரே பாகத்தைத்தான் போடுகிறாள் என்பது எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது.

ஒரு பெட்டை, சுருட்டை முடி, பச்சை நிற மேலங்கி. வகுப்பைச் சிரிக்க வைக்கிறவள். சாப்பாட்டு மேசையில் இருந்து ஏதோ சொல்லுகிறாள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அழுகை வரும், நான் நிற்பாட்டுவேன். அந்தப் பச்சை மேலங்கியை மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ கண்டபிறகுதான், இது நேற்றுப் பார்த்ததுதானே என்று உறைத்தது. பிள்ளையிடம் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

காலையில் அக்காவிடம் விசாரித்தேன். பச்சை மேலங்கி என்று சொன்னதுமே அக்காவுக்கு எந்தப் பாகம் என்று விளங்கிவிட்டது. பிறகு மெல்லச் சொன்னார். அந்தப் பெட்டை சாப்பாட்டு மேசையில் பகிடியாகச் சொல்வது, அடுத்த கிழமை நான் இருக்கமாட்டேன், என் கதிரையை யாராவது எடுத்துக்கொள்ளுங்கோ என்பது. எல்லாரும் சிரிக்கிறார்கள். அடுத்த கிழமை அவள் இல்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். எப்படி என்று நாடகம் காட்டாது. மிச்ச நேரம் முழுக்க, பக்கத்தில் இருந்து சிரித்த சிநேகிதியின் கதை. “மிது ஏன் அதைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறாள்?” என்று அக்கா கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போய், பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஷெல் விழுந்த ஊரில் வளர்ந்தவளுக்கு யாரும் பயத்தைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு சத்தம் இருந்தது. கூவிக்கொண்டு வரும், பங்கருக்குள் ஓடலாம். இது என் வீட்டு சோபாவில் காலை மடக்கிக்கொண்டு இருந்தது. எங்கே ஓட?

அன்றில் இருந்து நான் உளவாளி ஆனேன். சட்டைக் கையை மடக்கச் சொல்லிப் பாத்திரம் கழுவவிட்டு அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். சாப்பாட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். குளியலறையில் கொஞ்சம் சுணங்கினால் கதவில் தட்டி, சவர்க்காரம் இருக்கோ என்று கேட்டேன். வாய்விட்டு மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சாவு என்ற சொல்லை எப்படி வாயால் எடுப்பது? கேட்டால் நடந்துவிடும் என்று ஒரு நடுக்கம். கேட்டால் அவளுக்கு அந்த நினைப்பை நானே கொடுத்ததாகிவிடும் என்று இன்னொரு நடுக்கம். எனவே யாழ்ப்பாணத்து அம்மாமார் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். தெரிந்த ஒருவரின் மகளைப் பற்றி ஒரு கதை கட்டி, அந்தப் பிள்ளைக்கு மனவருத்தமாம், தாய் தகப்பனிடம் சொல்லலாம்தானே என்று குசினியில் இருந்து சுவருக்குச் சொல்லுவது போலச் சொன்னேன். மிதுரா சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அம்மா, அந்தப் பிள்ளைக்கு உதவி கிடைத்ததா என்று இங்கிலிசில் கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

இவரிடம் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க நித்திரை கொள்ளுகிற மனிசனை எழுப்பி என்னவென்று சொல்லுவது?

4

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை. வேலை செய்யும் இடத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பராமரிக்கிற பெரியவர் யாராவது, எனக்குப் போதும், நான் போகவேண்டும் என்கிற மாதிரிச் சொன்னால், சிரித்துக்கொண்டு சொன்னாலும், உடனே தாதியிடம் சொல்லவேண்டும். சும்மா சொல்கிறார் என்று நாங்களாக முடிவெடுக்கக்கூடாது. பயிற்சியின்போது தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்தது. அன்று காலை ஒரு கிழவர் கஞ்சியைத் தள்ளிவிட்டு அப்படி ஒன்று சொன்னார். நான் போய்த் தாதியிடம் சொல்லிவிட்டுத் திரும்ப, என் கைத்தொலைபேசி அடித்தது. மிதுராவின் பள்ளிக்கூடம்.

பயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் அந்தப் பெண் தொடங்கினார். இந்த நாட்டில் அப்படித் தொடங்கினால் பயப்பட இருக்கிறது என்று அர்த்தம். மிதுரா நன்றாக இருக்கிறாள், ஆனால் நீங்கள் ஒருமுறை வந்து ஆலோசகரைச் சந்திக்கவேண்டும், இன்றைக்கே வரமுடியுமா என்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டார். நான் அவசரமாக வேண்டாம் என்றேன். ஒக்லாந்தில் தமிழ் மொழிபெயர்க்கிறவர் யார்? கோயிலில் எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிற ஒருவராகத்தான் இருப்பார். அரைகுறை இங்கிலிசில் உளறினாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டுக் கதை அன்னதானத்தில் பரிமாறப்படக் கூடாது.

காரில் போகும்போது இன்னொரு பயமும் ஏறிக்கொண்டது. பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து எடுத்துக்கொண்டு போகிற திணைக்களம் ஒன்று இங்கே இருக்கிறது. கதவில் தட்டுவார்களாம், பையைக் கட்டச் சொல்லுவார்களாம் என்று எங்கள் ஆட்களிடையே ஆயிரம் கதைகள். கண்ணால் கண்டவர் என்று ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கதை மட்டும் எல்லாருக்கும் தெரியும். சந்தியில் பச்சை விழுந்தது தெரியாமல் நான் நிற்க, பின்னால் நின்றவர் ஹோன் அடித்தார்.

5

ஆலோசகரின் பெயர் ஜூடித். நரைத்த தலை, கம்பளிச் சட்டை. சின்ன அறை. மிதுரா ஏற்கெனவே ஒரு கதிரையில் இருந்தாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் போல இருந்தது. மேசையில் கண் துடைக்கிற கடதாசிப் பெட்டி ஒன்று. அது மிதுராவின் பக்கம் இல்லாமல் நான் இருக்கப்போகிற கதிரையின் பக்கம் இருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஜூடித் என் இங்கிலிசுக்கு ஏற்ற மாதிரி மெதுவாகத்தான் கதைத்தார். மிதுரா தன்னைப் பற்றிச் சொல்ல வரவில்லை, உங்களைப் பற்றித்தான் சொல்ல வந்தாள் என்றார். எனக்கு விளங்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பிறகு அவர், நீங்கள் வீட்டில் சொல்வதாக மிதுரா சொன்னவை என்று, ஒவ்வொன்றாக இங்கிலிசில் சொன்னார். நான் கண்ணை மூடினால்தான் உங்களுக்கு நிம்மதி. நான் ஒருநாள் இல்லாமல் போவேன், அப்போது தெரியும். என்னைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்து ஆறுதலாக இருந்து சாப்பிடுங்கள்.

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்ற நிம்மதியில் நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டுபோன சிரிப்பு. கைகளை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினேன். இது எங்கள் அம்மாமார் எல்லாரும் சொல்வது. சோறு அடிப்பிடித்தால் சொல்வோம், உடுப்பு மடிக்காமல் கிடந்தால் சொல்வோம், புருசன் மறந்துபோய்ப் பால் வாங்காமல் வந்தால் சொல்வோம். வாயில் வருகிறது, அவ்வளவுதான், அதற்கு ஒரு கருத்தும் இல்லை.

சிரித்தது நான் மட்டும்தான். மிதுரா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று எழுத வந்தேன். அந்தச் சொல்லை இப்போது எழுதவே கை கூசுகிறது. அந்த நாடகத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் சிரிப்பார்களே, அது முடிந்து அழுகை தொடங்குகிற இடத்தில்தான் நான் ஒவ்வொரு நாளும் வந்து நிற்பாட்டுவேன். அதற்குப் பிறகு என்ன வரும் என்று நான் பார்த்ததே இல்லை. அதை எனக்குக் காட்டத்தான் பிள்ளை கிழமைக் கணக்காக ஹோலில் வந்து இருந்தாள்.

ஜூடித் நேரே கேட்டார். அப்படி வாயால் சொல்வது இருக்கட்டும், அப்படி நினைப்பதும் உண்டா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இங்கிலிசில் அதைவிடச் சின்னச் சொல் இல்லை. அது வரவில்லை.

போன வருடம் அப்பா யாழ்ப்பாணத்தில் மோசம் போனபோது நான் போகவில்லை. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில், வேலையிடத்துத் துணி தோய்க்கிற அறையில் நின்று பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய், கிடைக்கு விழுந்த ஒரு பெரியவருக்குச் சாப்பாடு தீத்தினேன். சாவுத் துடக்கு நாட்களில் வீட்டில் விளக்கு இல்லை, அழலாம். ஆனால் அந்த நாட்களில் எனக்கு ஷிப்ட் இருந்தது. அழுகை வரத் தொடங்கிய நாட்களில் விளக்கு வைக்கத் தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகு சில காலை நேரங்களில், வேலைக்குப் போய்க் காரை நிற்பாட்டிவிட்டு இறங்காமல் இருக்கையில், இனி எழும்பாமலே விட்டால் எவ்வளவு சுகம் என்று ஒன்று வரும். வந்துவிட்டுப் போய்விடும். களைப்பு என்று நினைத்தேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆனால் அதே காலத்தில்தான் குசினியில் என் வாயில் அந்த வசனங்கள் கூடியிருக்க வேண்டும். நான் கணக்குப் பார்க்கவில்லை. மிதுரா பார்த்திருக்கிறாள்.

மிதுரா தமிழில் சொன்னாள். என்னோடு அவள் தானாகத் தமிழில் கதைத்து எத்தனையோ காலம்.

“அம்மா, நீங்கள் சும்மா சொல்லுறீங்களோ உண்மையாச் சொல்லுறீங்களோ எனக்குத் தெரியேல்லை. நான் ஒவ்வொரு நாளும் ஸ்கூலால வரேக்க கதவைத் திறக்கப் பயம்.”

என் பிள்ளை கதவைத் திறக்கப் பயந்திருக்கிறாள். நான் அவளுடைய குளியலறைக் கதவில் தட்டித் தட்டி நடுங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவள் என் வீட்டுக் கதவில் திறப்பைப் போட்டுக்கொண்டு நடுங்கியிருக்கிறாள்.

எனக்கு முதலில் வாயில் வந்த கேள்வி, பிள்ளையைக் கொண்டுபோகப் போகிறீர்களா என்பதுதான். ஜூடித் இல்லை என்றார். ஒருவரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை, ஆனால் நீங்கள் இன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும், நானே அழைத்து நேரம் எடுத்துத் தருகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் கடதாசிப் பெட்டி எனக்கு உதவியது. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. அழுதேன்.

6

இதை எழுதும்போது ஊரை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு விஷயம் இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. ஷெல் அடித்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணும் அந்த வசனங்களைச் சொன்னதாக ஞாபகம் இல்லை. பங்கருக்குள் குந்திக்கொண்டு இருக்கும்போது, நான் கண்ணை மூடினால்தான் நிம்மதி என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. சாவு பக்கத்தில் நின்றபோது எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். சண்டை கொஞ்சம் ஓய்ந்து, அரிசி கிடைத்து, அடுப்பெரிந்து, சோறு அடிப்பிடித்தபிறகுதான் அந்த வசனம் திரும்பி வந்தது. அது வந்தால் வீடு வழமைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் அது என் காதில் ஏறியது.

அப்படியென்றால் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அதைச் சொல்லித்தான் தப்பப் பார்த்தேன். ஆனால் டாக்டரிடம் போகும் வழியில் இன்னொரு முகம் வந்து நின்றது. எங்கள் ஒழுங்கையின் முடக்கு வீட்டில் ஒரு அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். விடிந்தால் பொழுதுபட்டால் அந்த வசனந்தான். நான் போறன், என்னைத் தேடாதேங்கோ என்று ஆட்டுக்குக் குழை கட்டும்போதும் சொல்லுவார். நாங்கள் சின்னப் பெட்டைகள் அவரைப் போலச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். ஒருநாள் சொன்னபடியே போய்விட்டார். செத்தவீட்டில் பெரியவர்கள் கூடியிருந்து, அவ சும்மா சொல்லுறா எண்டெல்லோ நினைச்சம் என்று ஆளுக்கு ஆள் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

எந்த வாயில் அது சும்மா, எந்த வாயில் அது உண்மை என்று சொல்லுகிறவளுக்கே தெரியாமல் இருந்தால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

7

இவரிடம் அந்தச் சனிக்கிழமை சொன்னேன். முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு. வீட்டுக் கதையை ஏன் வெளியில் கொண்டுபோனவள் என்று மிதுராவைத் தேடிப் படியேறப் போனார். நடுப் படியில் நின்றார். திரும்பி இறங்கி வந்து, “நீர் உண்மையா அப்பிடி நினைக்கிறனீரோ?” என்று கேட்டார். நான் சில நேரம் என்றேன். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்த உடுப்புக் குவியலை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடிக்கத் தெரியாது அவருக்கு. எல்லாச் சட்டையும் உருண்டையாக வந்தது. இப்போது காலை ஷிப்ட் கேட்டிருக்கிறார், இன்னும் கிடைக்கவில்லை.

டாக்டர் குளிசை தந்திருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை ஒருவரிடம் போய்க் கதைக்கவும் சொல்லியிருக்கிறார். போகிறேன். அந்தப் பெண் கேட்பதற்கு எல்லாம் பதில் சொல்லுகிறேன். கார் நிற்பாட்டுகிற இடத்தில் வருகிற அந்த நினைப்பைப் பற்றி முதல் நாளே சொன்னேன். சொல்லிவிட்டு, வெளியில் வந்து வானம் இடிந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழவில்லை, தூறல் மட்டும்தான். ஆனால் பயம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். முன்பு பிள்ளையைப் பார்த்துப் பயந்தேன், இப்போது என்னைப் பார்த்து.

அந்த நாடகத்தை ஒருநாள் முழுதாகப் பார்த்தோம். ஆறு மணிக்கு விளக்கை வைத்துவிட்டு வந்து, “போடு பிள்ளை, பாப்பம்” என்று நானே சொன்னேன். மிதுரா சுவாமி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டாள். விளக்கு எரிய எரிய வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. சிரித்த சிநேகிதி வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் போய் இருக்கிறாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதோடு முடிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். மிதுரா தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

நேற்றுப் பின்னேரம் சோறு அடிப்பிடித்துவிட்டது. தொலைபேசியில் வேலையிடத்துச் சிநேகிதியோடு கதைத்த கவனத்தில் அடுப்பை மறந்துபோனேன். மணம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் பானை கரி. தாய் வீட்டில் இருந்து என்னோடு வந்த அந்த வசனம், யாரையும் கேட்காமல், தொண்டை தாண்டிப் பல்லுவரை வந்துவிட்டது. ஹோலில் தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

மரியாதை என்று நான் நினைத்தது. என்ன சொல்லுகிறேன் என்று கேட்பதற்காகத்தான் இத்தனை நாளும் அவள் சத்தத்தை நிறுத்தியிருக்கிறாள்.

அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோபாவில் ஒரு அசைவும் இல்லை.

“சோறு அடிப்பிடிச்சுப் போச்சு பிள்ளை” என்றேன். “வந்து உந்த யன்னலை ஒருக்காத் திற.”

அவள் வந்து திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. என் பக்கத்தில் கொஞ்சம் நின்று பானையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் இருந்தாள். சத்தம் உடனே வரவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்லுவேனோ என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பானைக்குள் தண்ணீரை விட்டேன். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.